அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்த சீட்டு

இதை எழுத நான்கு வருடம் தயங்கினேன். நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், மூடி வைத்துவிடுவேன். எட்டாவதோடு நின்ற படிப்புதான் எனக்கு. ஆனால் காரணம் அதுவல்ல. என் பெண்ணுக்கு நான் செய்தது எழுத்தில் நின்றுவிடுமே என்ற பயம்.

அப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு. அதே பள்ளியின் பெற்றோர் குழுவில் நானும் ஒரு உறுப்பினர். ஒரு நாள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, வராந்தாவில் மாட்டியிருந்த பச்சைத் தகரப் பெட்டியைக் காட்டினார்.

"பசங்க மனசுல இருக்கிறத எழுதிப் போடட்டும்மா. டீச்சருங்க தொறந்தா பயப்படுவாங்க. நீங்க வெள்ளிக்கிழம தவறாம கோயிலுக்குப் போறவங்க, வெளில வாய விடமாட்டீங்க. சாவி உங்ககிட்ட இருக்கட்டும். சீட்டைப் பிரிக்காதீங்க. அப்படியே கவர்ல போட்டு மேடத்துகிட்ட குடுத்துடுங்க."

மேடம் என்றது, பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசுவதற்காக விழுப்புரத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும் ஆலோசகர் அம்மாவை. சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வீட்டில் என் பெண் சிரித்தாள்.

"இன்னா மெம்பரம்மா, சாவிய இடுப்புல சொருகினு பேங்க் மேனேஜர் கணக்கா நடக்குற!"

அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்தது அதுதான் கடைசி.

மூன்றாவது முறை பெட்டியைத் திறந்தபோது மூன்று சீட்டுகள் இருந்தன. ஒன்று சரியாக மடிக்காமல் கிடந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் என் பெண்ணுடையது என்று தெரிந்துவிட்டது. வகுப்பில் உட்கார்ந்தால் நெஞ்சை அடைக்கிறது, தூக்கம் வரவில்லை, வீட்டில் சொன்னால் பேய் பிடித்திருக்கிறது என்பார்கள், மேடம், உங்களிடம் பேச வேண்டும் என்று எழுதியிருந்தாள். பேர் எழுதத் தேவையில்லை என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. அவள் எழுதியிருந்தாள், வகுப்பும் பிரிவும் சேர்த்து. கூப்பிட வேண்டும் என்றுதானே எழுதியிருப்பாள்.

நான் கவரில் இரண்டு சீட்டைத்தான் போட்டேன். மெம்பர் பெண்ணுக்கே இப்படியாம் என்று ஊர் பேசுமே என்று நினைத்தேன். மூன்றாவதை வீட்டுக்குக் கொண்டுவந்து, குங்குமம் வைத்து, அம்மன் படத்துக்குப் பின்னால் செருகினேன். மேல்மலையனூருக்கு ஒன்பது அமாவாசை வருவதாக வேண்டிக்கொண்டேன். தாயிடம் ஒப்படைத்துவிட்டோம், இனி அவள் பார்த்துக்கொள்வாள் என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மேடம் வந்த அன்று சாயந்தரம் என் பெண் அடுப்படிக்கு வந்தாள்.

"இன்னிக்கு எத்தினி பேர கூப்ட்டாங்க?"

"எனக்கு இன்னா தெரியும்?"

"உன்கிட்டதான சாவி இருக்குது."

அதற்கடுத்த முறை மேடம் வந்தபோதும் தலையைப் படிய வாரிக்கொண்டு போனாள். திரும்பி வந்து பையைக்கூடக் கழற்றவில்லை.

"போட்ற சீட்டெல்லாம் யார்னா படிக்கிறாங்களாம்மா?"

"எல்லாத்தயும் சாமி பாத்துக்கும், போ."

"சாமிக்கா எழுதுனேன்?"

யார் எழுதினது, என்ன எழுதினது என்று அப்போதாவது கேட்டிருக்கலாம். குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

போகிக்கு முதல் நாள் வீடு கழுவும்போது படங்களை இறக்கியது அவள்தான். சீட்டு கீழே விழுந்தது. பிரித்துப் பார்த்தாள். கத்துவாள் என்று நின்றேன்.

"படிச்சிருக்க" என்றாள். அவ்வளவுதான். பொங்கல் கழித்துப் பள்ளி திறந்தும் அவள் போகவில்லை. இன்றுவரை போகவில்லை.

சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நானே அவளை விழுப்புரத்துக்கு அந்த மேடத்திடம் கூட்டிப்போனேன். அவர் சொல்லி ஆஸ்பத்திரிக்கும் போகிறோம். மாத்திரை சாப்பிடுகிறாள், நூல் பிடித்த மாதிரி. ஆனால் யார் என்ன கேட்டாலும் தரையைப் பார்க்கிறாள். போன மாதம் பஸ்ஸில் அவளாக ஒரு வார்த்தை சொன்னாள்: "அப்ப கூப்ட்டிருந்தா பேசியிருப்பேன்."

"விடாம கூட்டினு வாங்கம்மா" என்கிறார் மேடம். விடவில்லை. விளக்கும் ஏற்றுகிறேன். ஆனால் அம்மன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் கேட்காத சீட்டை அவளிடம் வைத்தவள் நான்.

இதைப் படிக்கிறவர்கள் பிள்ளை பெற்ற யாரிடமாவது சொல்லுங்கள். பாவம், தாய்தானே, தெரியாமல் செய்துவிட்டாள் என்று ஒரு வரி சேர்க்காதீர்கள். தெரிந்துதான் செய்தேன். எனக்காக ஒரு வரி குறைக்கவும் வேண்டாம். ஒரு சீட்டை நான் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்க்கவில்லை. இதையாவது நீங்கள் அப்படியே சேர்த்துவிடுங்கள்.