கடலூருக்கு நான் கொண்டுபோன மண்

இன்று காலை சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண். மடியில் கண்ணாடித் துண்டுகள் அடுக்கிய பெட்டி.

"தாத்தா, இடிக்காதீங்க. உள்ள மைக்ராஸ்கோப்புல பாக்குற மண்ணு இருக்கு" என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் பழைய கிணறு ஞாபகம் வந்துவிட்டது.

அறுபதுகளில் ஊரே குடிதண்ணீருக்குத் தவித்தபோது கிணறு தோண்டினோம். அடிமண்ணைப் பையில் போட்டுக் கடலூரில் மண் பார்க்கும் ஆபீசரிடம் கொண்டுபோனவன் நான். அவர் மைக்ராஸ்கோப்பில் எனக்கும் காட்டினார். கடுகைவிடச் சின்னச் சின்னச் சங்குகள்!

"கடல் மண்ணுய்யா. கீழ உப்புத்தண்ணிதான் வரும். மூடிடுங்க" என்றார்.

மூடினோம்.

மறுநாள் என் வீட்டுக்காரி கேட்டாள்: "ஏங்க, கடலை வறுக்க கிள்ளைக் கடற்கரையிலேருந்து மணல் கொண்டாந்த பைய எங்க வச்சீங்க?"

ஊர் என்னைக் கொன்றுவிடும் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோடையிலேயே பாதி ஊர் பிழைப்புத் தேடிப் போய்விட்டது.

இன்று அந்தப் பெண்ணிடம் கிணற்றுக் கதையைச் சொல்லிக் கேட்டேன்: "பையில ஒட்டியிருந்த கடல் மணலு அப்படிக் காட்டுமாம்மா?"

"ஒரு சிட்டிகை போதும் தாத்தா. அதான் நாங்க புதுப் பையில எடுப்போம். எங்க இருக்கு அந்தக் கெணறு?"

"அதும்மேலதான் இப்ப பஸ் ஸ்டாப்பு. நான் எறங்குற எடம்."

இறங்கிவிட்டேன். அங்கேயே நின்று, நான் பேசப் பேச போன் எழுதிக்கொள்வதை ஊர் குரூப்பில் போடுகிறேன்.

ஊர்க்காரர்களே, திட்டுவதைக் குரலில் அனுப்புங்கள். எனக்குப் படிக்கத் தெரியாது.