'தெரியாது' என்ற கட்டம்

படிவத்தை நிரப்பி முடிக்கும்வரை புஷ்பவள்ளி எந்த வீட்டிலும் தேத்தண்ணியைத் தொடுவதில்லை. "முதல்லயே குடிச்சிட்டா, வந்த பிள்ள மனசு கோணக்கூடாதுன்னு எல்லாத்துக்கும் சரின்னுடுவாங்க," என்பாள். கேள்வியை ஒருமுறை மலாயில் வாசிப்பாள். பிறகு தோட்டத்துத் தமிழில் சொல்வாள். பதில் வரும்வரை பேனா மூடியைக் கடிப்பாள். மூடி முழுக்கப் பல்தடம்.

வயது இருபத்து மூன்று. கோலசிலாங்கூருக்குப் பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளருக்கான வரிசைக் குடியிருப்பில், வீடு. அப்பா செல்லன் அதே தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். லயத்துக்குப் பின்னால் பெரிய மின்கம்பிகள் போகப் போகின்றன. மக்கள் கருத்தைக் கேட்டுவர மின்சார நிறுவனம் அவளை மூன்று வாரத்துக்கு எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று கட்டங்கள்: சம்மதம், சம்மதமில்லை, தெரியாது.

பாதிப்பேருக்கு மேல் தெரியாது என்றார்கள். மருந்தடிக்கும் இராஜம்மா மட்டும் காரணம் சொன்னாள். "கம்பி பிள்ளைக் கொட்டகை மேல போவுதுங்கிறாங்க, நாம வேலைக்குப் போறப்ப பிள்ளைங்கள அங்கதான விட்டுட்டுப் போறோம். ஆனாலும் தெரியாதுன்னே போட்டுக்க தங்கச்சி. நாம இருக்கிறது தோட்டத்து வீடு. தோட்ட ஆபீஸ் கிராணி காதுக்குப் போச்சுன்னா?"

இரண்டாம் வாரம் நிறுவன அலுவலகத்தில் தொகுப்புத் தாளைப் பார்த்தாள். 'ஆட்சேபம் இல்லை: 82 வீடுகள்.' சம்மதம் என்றவை முப்பத்தொன்றுதான். மீதி ஐம்பத்தொன்றும் தெரியாது என்றவை. "வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லையே," என்றார் அதிகாரி. 

மறுநாள், யாரும் சொல்லாமலே, அந்த ஐம்பத்தொரு வீடுகளுக்கும் மறுபடி நடக்கத் தொடங்கினாள்.

"அக்கா, தெரியாதுன்னு சொன்னா சரின்னு எடுத்துக்கிறாங்க. இப்ப என்ன போடட்டும்?"

"வேணாம்னா வீட்டக் காலி பண்ணச் சொல்வாங்களா?" என்று கேட்டாள் இராஜம்மா.

"சத்தியமா எனக்குத் தெரியலக்கா."

இராஜம்மா வாசலுக்கு வந்து பிள்ளைக் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினாள். "வேணாம்னே போடு," என்றாள்.

நாற்பத்து மூன்று வீடுகள் பதிலை மாற்றின.

கம்பியின் தடம் மாறுமா என்பது இதை எழுதும்வரை முடிவாகவில்லை. ஆனால் போன ஞாயிறு, கோயில் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில், கடைசி வரிசையில், நானும் இருந்தேன். அதிகாரி நேரில் வந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் கிராணி, லயத்து வீடுகளின் கணக்கு அவர் கையில்.

"பதிலை மாற்றியவர்கள் யார்? பெயர்களை வாசி," என்றார் அதிகாரி புஷ்பவள்ளியிடம், மலாயில். கோபமாகச் சொல்லவில்லை, படிவங்களை அவளே நிரப்பிவிட்டாளோ என்ற சந்தேகம் அவருக்கு.

 இராஜம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.  புஷ்பவள்ளி படிவக் கட்டைத் தன் நாற்காலியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். பையிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்தாள். தன் பெயரையும் லயத்து வீட்டு எண்ணையும் எழுதி, 'சம்மதமில்லை' கட்டத்தில் அழுத்திக் கோடிட்டாள். பிறகு கையை நீட்டி, அதை அதிகாரியிடம் அல்ல, கிராணியிடம் கொடுத்தாள்.