ஒருபொழுது விரதம்

கிணத்துக்கடவு தாண்டி, தென்னந்தோப்புக்கு நடுவே இருபது வீடுகள். எல்லாருக்கும் ஒரே சாப்பாட்டுக் கூடம். வயதான காலத்தில் ஆளுக்கொரு மூலையில் கிடக்காமல் சேர்ந்து வாழலாம் என்று நாங்களே கூடிக் கட்டிக்கொண்டது. மற்றவர்கள் வங்கியிலும் கல்லூரியிலும் இருந்தவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில். நான் பஞ்சாலை ஆபீசில் டைப் அடித்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். வெள்ளகோவிலில் பங்காக வந்த நிலத்தை விற்று ஓர் அறை வீடு வாங்கினேன். என் பென்ஷனைச் சொன்னால் இவர்கள் சிரிக்க மாட்டார்கள், பாவம் என்பார்கள். அது இன்னும் மோசம்.

போன வருஷக் கூட்டத்தில் இரவுச் சாப்பாட்டை மாற்றலாம் என்றார்கள். செக்கு எண்ணெய், சிறுதானியம், நறுக்கிய பழம். மாதக் கட்டணமும் கூடும். செயலாளர் தன்மையாகத்தான் சொன்னார். "ஆருக்காச்சும் சிரமம்னா எங்கிட்டத் தனியா வந்து சொல்லுங்க. கொறச்சுக்கலாமுங்க."

அவர் முடிப்பதற்குள், சம்மதம் என்று முதலில் கை தூக்கியவள் நான். சிலருக்கு வாய்க்கொழுப்பு, எனக்குக் கையில்.

அடுத்த மாதமே, இனி ஒருபொழுது விரதம், பகலில் மட்டும் சாப்பிடுவேன், இரவுக்கு என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் நம்பிவிட்டார்கள். அதுதான் எனக்கு ஆத்திரம். "உங்க மனவுறுதி எங்களுக்கு வராதுங்க" என்றார் பக்கத்து வீட்டம்மா. கார்த்திகைக்கு முதல் விளக்கை என்னைத்தான் ஏற்றச் சொன்னார்கள்.

ஏழு மணிக்குக் கூடத்தில் தட்டுச் சத்தமும் சிரிப்பும் கேட்கும். தாளிக்கும் வாசம் வெளியே போகாமல் ஜன்னலைச் சாத்திவிட்டு ரவை உப்புமா கிண்டித் தின்பேன். வயிறு நிறைந்துவிடும். பேசத்தான் ஆளில்லை. இதற்கா நிலத்தை விற்றோம் என்று அழுகையாக வரும்.

போன வாரம் சாயங்காலம் கூடத்தில் சமைக்கும் பெண் கதவைத் தட்டினாள். கையில் டிபன் பாக்ஸ்.

"எனக்கு விரதம், கண்ணு."

"தெரியுமுங்கம்மா. மாசக் கடைசியானா எங்கூட்டுல எனக்கும் விரதந்தானுங்க. புள்ளைங்க நம்பிக்குதுங்க."

என் முகத்தைப் பார்க்காமல் பாக்ஸை மேசைமேல் வைத்தாள். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்திருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன்.

"எல்லாரும் வந்துருவாங்க, பரிமாறோணுங்க" என்று கிளம்பிவிட்டாள்.

ஜன்னலைத் திறந்து வைத்துச் சாப்பிட்டேன். இருபது வீட்டில் ஒருவருக்கும் தெரியாத என்னை அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கு இங்கே வீடு கிடையாது.