அம்மா இல்லை என்று சொன்னேன்

எண்பதுகளில் வேலை கிடைக்காமல் திரிந்த என்னை, கிளியனூரிலிருந்து திண்டிவனத்துக்கு நாடி ஜோதிடம் பார்க்க அம்மா அழைத்துப் போனாள். பிறந்த ஒவ்வொருவருக்கும் ஓர் ஓலை உண்டு, அதில் எல்லாமே எழுதியிருக்கிறது என்பது அவள் நம்பிக்கை. எனக்கோ அது சுத்தப் புரட்டு.

அம்மா திரைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே ஜோதிடர் என் கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு ஓலைக்கட்டைப் பிரித்தார்.

“தாயார் இருக்காங்கன்னு வருது, சரியா?”

அவரை மாட்டிவிட நினைத்து, “இல்லீங்க, செத்துட்டாங்க” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

அந்த ஓலையை ஒதுக்கிவிட்டு இன்னும் இரண்டைத் தள்ளினார். “இதான் உன் ஏடு. தாயை இழந்தவன்னு போட்டிருக்குது பாரு!”

வெற்றிச் சிரிப்போடு திரையை விலக்கினேன். அம்மா முகம் வெளிறி நின்றிருந்தாள்.

“ஏட்டுலயே அப்படி எழுதிக்கீதாடா?”

“இல்லம்மா. அந்தாளைச் சோதிக்க நான்தான் சொன்னேன்.”

“நீதானா? நான் பயந்தே போயிட்டேன்டா” என்று சிரித்து, முந்தானையால் என் முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

ஓலைகளை நான் இன்றும் நம்புவதில்லை. ஆனால் அன்று நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் எங்கோ அழியாமல் எழுதப்பட்டிருக்கிறது என்று நம்புகிறேன்.