ஈல்டு என்ற சொல்லும் எங்கள் ஸ்டெல்லா அம்மாவும்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். நான் இப்போது வேலை பார்க்கும் காக்களூர்ப் பட்டறையில் அளவுக் கருவிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்கர் ஃபோன் செய்தார். கும்மிடிப்பூண்டியில் நான் முன்பு வேலை பார்த்த கம்பி ஆலையின் சோதனைக்கூடத்தில் எங்களோடு இருந்தவர் அவர்.

"சார், ஸ்டெல்லாம்மா போயிட்டாங்க சார். நாஷ்டா பண்ணிட்டு உக்காந்துக்கினு இருந்தாங்களாம். அப்பிடியே சாஞ்சிட்டாங்க."

கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தேன். பாஸ்கர் தொடர்ந்தார். "நாளைக்கி பதினோரு மணிக்கு எடுக்கறாங்க. நீங்க வருவீங்கன்னு அவங்க பொண்ணாண்ட சொல்ட்டேன்."

வருவீர்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

அவரை அறியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். ஸ்டெல்லா அம்மா கவரைப்பேட்டைக்குப் பக்கத்து ஊர். அவருடைய தாயார் ஆயுள் முழுக்கப் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர், களை எடுத்தவர், கதிர் அறுத்தவர். ஸ்டெல்லா அம்மா பத்தாவது வரை படித்தார். கணவர் இறந்த பிறகு, மகள் செல்வியை வளர்ப்பதற்காக எங்கள் ஆலைக்கு ஒப்பந்தத் தொழிலாளியாக வந்தார். கட்டடங்களுக்குப் போகும் முறுக்குக் கம்பி செய்கிற ஆலை அது. சோதனைக்காகக் கம்பியைத் துண்டு போட்டு, எண் எழுதி, கூடத்துக்குக் கொண்டுவந்து அடுக்குவது அவர் வேலை. நான் கூடத்தின் பொறுப்பாளர். எங்கள் குடும்பம் பொதட்டூர்பேட்டைப் பக்கம் நிலம் வைத்திருக்கும் குடும்பம். நாங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தோமே தவிர, ஒரே இடத்திலிருந்து வந்தவர்கள் அல்ல. இதை நான் மறந்த நாட்கள் உண்டு. அவர் மறந்ததில்லை என்றே நினைக்கிறேன்.

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி நன்றாக நினைவிருக்கிறது. கம்பியின் இரண்டு முனைகளையும் கவ்வி இழுக்கும் எந்திரத்தின் முன் நின்றுகொண்டிருந்தோம். நான் பாஸ்கரிடம், "ஈல்டு எவ்ளோ வந்துச்சு?" என்றேன். துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஸ்டெல்லா அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"ஈல்டுன்னா விளைச்சல் தான சார்? எங்க ஊர்ல அக்ரி ஆபீசரு வந்தா அதத்தான் கேப்பாரு. கம்பில இன்னா சார் விளையும்?"

கூடத்தில் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பதில் வரும் வரை அங்கேயே நின்றார். ஒரு கம்பியை மாட்டி இழுத்துக் காட்டினேன். ஊசி ஏறிக்கொண்டே போனது. ஓரிடத்தில் சட்டென்று தயங்கி நின்றது. "இந்த இடத்துக்கு முன்னாடி விட்டுட்டா, கம்பி பழையபடி சுருங்கிடும்மா. இதத் தாண்டிட்டா திரும்பாது. நீண்டது நீண்டதுதான். இதுதான் ஈல்டு" என்றேன். ஊசி மறுபடி ஏறியது. கடைசியில் வெடிச் சத்தத்தோடு கம்பி அறுந்தது. அவர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. ஊசி தயங்கிய எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் செல்வியின் பள்ளிக்கூட அகராதியைப் பையில் வைத்து எடுத்து வந்தார். சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சார், இதுக்கு நாலு அர்த்தம் போட்டுக்கிறான். விளைச்சல்னு ஒண்ணு. தர்றதுன்னு ஒண்ணு. இணங்கறது, பணியறதுன்னு ரெண்டு. எல்லாத்துக்கும் அடில ஒண்ணு தான் சார். குடுக்கறது. வயலு நெல்லு குடுக்குது. கம்பி வுட்டுக் குடுக்குது. மனுசன் பணிஞ்சு குடுக்கறான். வயலு குடுத்தா நல்லது. கம்பி குடுத்தா ஆபத்து. மனுசன் எப்ப குடுக்கணும், எப்ப குடுக்கக் கூடாதுன்னு தான் இந்த புக்குல போடல."

பொறியியல் கல்லூரியில் நான்கு வருடம் படித்தும் அந்தச் சொல்லை நான் அப்படிப் புரட்டிப் பார்த்ததில்லை. அடுத்த மாதமே அவரை எந்திரத்தில் உட்கார வைத்தேன். ஒரு வருடத்தில், ஊசி தயங்கும் அந்தக் கணத்தைப் பிடிப்பதில் எங்கள் எல்லோரையும் விடத் தேர்ந்தவராகிவிட்டார். பதிவேட்டில் அவர் எழுத்து சின்னதாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கும்.

ஆலையில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. உலைக்குள் போகும் இரும்பில் எவ்வளவு விற்கக்கூடிய கம்பியாக வெளியே வருகிறதோ, அதையும் ஈல்டு என்பார்கள். காலைக் கூட்டத்தில் ஆலை மேலாளர் கேட்பது இந்த ஈல்டைத்தான். சோதனைக்கூடம் ஒரு சரக்கை நிராகரித்தால் அவருடைய ஈல்டு குறையும். எங்கள் ஈல்டு ஏறாவிட்டால் அவருடைய ஈல்டு இறங்கியே தீர வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

அது ஒரு கோடைக்காலம். சூடான கம்பியைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாயில் அழுத்தம் குறைந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை. அன்று உருட்டிய கம்பி போதிய உறுதி பெறவில்லை. ஸ்டெல்லா அம்மா மூன்று துண்டுகளை இழுத்தார். மூன்றிலும் ஊசி முன்னதாகவே தயங்கியது. என்னிடம் வந்து சொன்னார். நான் மேலாளரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். லாரிகள் ஏற்றி நிற்கின்றன, இந்த மாதம் ஏற்கெனவே ஈல்டு மோசம், போன வாரத்துக் கம்பியில் ஒரு துண்டு எடுத்துச் சோதித்து இன்றைய சரக்கின் எண்ணில் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். நான் மறுத்திருக்க வேண்டும். "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன வாரத்துத் துண்டைக் கொண்டுபோய் ஸ்டெல்லா அம்மாவின் மேசையில் வைத்தேன். அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது நான் போன வாரம் வெட்டுனது சார்."

"தெரியும்மா. இழுத்து எழுதிடுங்க."

"இன்னிக்கி உருட்டுன கம்பி எங்க சார் போவுது?"

எனக்குத் தெரிந்திருந்தது. தேர்வாய் கண்டிகையில் தொழிற்சாலைப் பெண்களுக்காக நான்கு மாடி விடுதி ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குத்தான். சொன்னேன்.

"எங்க ஊருப் பொண்ணுங்க பத்துப் பேரு அங்க வேலைக்கிப் போவுதுங்க. அதுங்க அந்தக் கூரைக்கி அடில தான படுக்கப் போவுதுங்க. நான் எழுத மாட்டேன் சார்."

நான் குரலை உயர்த்தினேன். என் நாற்காலிக்கு அப்போது அந்தப் பழக்கம் இருந்தது. அவர் எழுந்து ஓரமாக நின்றார். நான் அவர் இடத்தில் உட்கார்ந்து, போன வாரத்துத் துண்டை இழுத்து, வந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கை நடுங்கவில்லை. அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

நான் எழுந்ததும் அவர் வந்து உட்கார்ந்தார். "சார், நீங்க எழுதுனத நான் அடிக்க மாட்டேன். ஆனா நான் பாத்தத எழுதாம உட மாட்டேன்" என்றார். என் வரிக்கு நேர் கீழே மூன்று துண்டுகளின் எண்களையும் எழுதினார். தேதி போட்டார். தமிழில் கையெழுத்திட்டார். அறுந்த துண்டுகளில் சீட்டுக் கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என் மேசைமேல் வைத்தார்.

அதன் பிறகு அந்தப் பக்கத்தை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கம்பி வாங்குபவர்களின் ஆய்வாளர் மதியம் வந்து பதிவேட்டைத்தான் முதலில் கேட்டார். இரண்டு வரிகளையும் படித்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அலமாரியைத் திறக்கச் சொன்னார். மாலைக்குள் லாரிகளிலிருந்து கம்பி இறங்கியது. அத்தனையும் திரும்ப உலைக்குப் போனது.

மூன்றாம் நாள் ஸ்டெல்லா அம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார். "படிச்சி சொல்லுங்க சார்" என்றார். மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாதவர், ‘அன்ஈல்டிங்’ மனப்பான்மை உடையவர் என்று அதில் இருந்தது.

"அப்டீன்னா?"

"விட்டுக் குடுக்காதவங்கன்னு அர்த்தம்மா."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்போ நான் டெஸ்ட்ல பாஸ் தான சார்?"

பாஸ்கரும் சிரித்தார். என்னால் முடியவில்லை.

அவரைப் பழைய இரும்புக் கிடங்குக்கு மாற்றினார்கள். வெயிலில் துருப்பிடித்த தகடுகளைப் பிரித்துப் போடும் வேலை. வேலையை விட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் தினமும் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்தார். மதியம் அந்தப் பக்கம் போனால், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கிடங்குப் பெண்களுக்கு எந்த இரும்பில் கம்பியைக் கெடுக்கும் கந்தகம் அதிகம் என்று சொல்லிக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வார். குறை சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆறு வாரம் கழித்து நான் எழுதினேன். அந்தப் பக்கத்தின் முதல் வரி பொய், எழுதியது நான், மேலாளர் சொல்லி எழுதியது என்றாலும் கை என்னுடையது என்று தலைமை அலுவலகத்துக்கு என் பெயரில் கடிதம் அனுப்பினேன். நகலை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன். இம்முறை அவர் கேட்காமலேயே அதைத் தமிழில் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"ஆறு வாரம் ஆச்சா சார்?"

"ஆமாம்மா."

"பரவால்ல. எழுதிட்டீங்க இல்ல. இனிமே நிமிந்து நடங்க."

பாராட்டவில்லை, தேற்றவும் இல்லை. கையுறையை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். விசாரணை நடந்தது. நான் அந்த ஆலையை விட்டு வர வேண்டியதாயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை. மேலாளரும் மாற்றப்பட்டார். ஸ்டெல்லா அம்மா சோதனைக்கூடத்துக்குத் திரும்பினார். நிரந்தரப் பணியாளராகி, பணி ஓய்வு பெறும் வரை அந்த எந்திரத்தின் முன்தான் உட்கார்ந்திருந்தார். அவர் கையெழுத்தில்லாமல் ஒரு லாரியும் வாசலைத் தாண்டியதில்லை என்று பாஸ்கர் பெருமையாகச் சொல்வார்.

ஓய்வுக்குப் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. ஊரில் அரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். "எங்கம்மா அறுத்ததெல்லாம் அடுத்தவங்க கதிரு சார். நான் ஒரு தபா என்னுத அறுக்கணும்" என்றார். முதல் போகம் வெள்ளத்தில் போயிற்று. ஃபோனில் ஆறுதல் சொல்ல முயன்றேன். "அத்த வுடுங்க சார், தை வரிக்கும் ஈரம் இருக்குது, உளுந்து போட்டுட்டேன்" என்றார். மறு வருடம் நெல் விளைந்தது. அறுவடையன்று என்னை அழைத்தார். போய் வரப்பில் நின்றேன். அறுத்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கேளுங்க சார்" என்றார்.

"என்ன கேக்கணும்?"

"இன்னா சார் நீங்க. ஈல்டு எவ்ளோன்னு கேளுங்க."

கேட்டேன். அவர் சொன்ன மூட்டைக் கணக்கு என் நினைவில் இல்லை. சொன்னபோது அவர் முகம் இருந்த விதம் இருக்கிறது.

புதன்கிழமை நாங்கள் அவரைக் கொண்டுசென்றோம். ஊர் நெடுஞ்சாலைக்கு ஒரு பக்கம், கல்லறைத் தோட்டம் மறுபக்கம். பெட்டி சாலையோரம் வந்தபோது துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. யாரும் வேகத்தைக் குறைக்கவில்லை. போலீசுக்குச் சொல்லலாமா என்று ஆண்கள் பேசிக்கொண்டிருந்தோம். செல்வி பெட்டியின் பக்கத்திலிருந்து விலகி, தனியாகச் சாலைக்குள் நடந்தார். நடுவில் நின்று ஒரு கையை உயர்த்தினார். முதல் லாரி பிரேக் போட்டு, அவருக்குப் பத்தடி முன்னால் வந்து நின்றது. ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார். செல்வி திரும்பிப் பார்க்கவில்லை, கையையும் இறக்கவில்லை. ஹாரன் தானாக நின்றது. பெட்டி கடந்தது. கிடங்குப் பெண்கள் கடந்தார்கள். பணி உடையோடு வந்திருந்த ஆலைத் தொழிலாளர்கள் கடந்தார்கள். முழங்கால் வலியோடு கடைசியாக வந்த நானும் கடந்தேன். அதன் பிறகே அவர் கையை இறக்கினார்.

எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டோம், ஸ்டெல்லா அம்மா. நீங்கள் இனி இளைப்பாறலாம்.