பாண்டுரங்கனின் செங்கல்

காலை ஒன்பது மணிக்கு ஹுசைன் ஷட்டரைத் தூக்குவார். பாண்டுரங்கன் சட்டையைத் தூக்குவார். ஜவுளிக்கடையின் பக்கவாட்டுச் சந்தில் சுவரைப் பார்த்து நின்று, மூச்சை உள்ளே இழுத்து, இடுப்பு பெல்ட்டின் மூன்று கொக்கிகளையும் ஒவ்வொன்றாக மாட்டுவார். கான்வாஸ் துணிக்குள் நாலு இரும்புப் பட்டைகளை வைத்துத் தைத்த பெல்ட். செஞ்சி வெயிலுக்குப் பத்து மணிக்கெல்லாம் அது பனியனோடு ஒட்டிக்கொள்ளும். மேலே சட்டையை இறக்கிவிட்டால் ஆள் மிடுக்காகத் தெரிவார். உடம்பு நன்றாகத் தேறிவிட்டதே என்று யாராவது சொன்னால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உள்ளே போனதும் கவுண்ட்டருக்கு அடியில் காலை விட்டுத் துழாவி, ஒரு செங்கல்லை இழுப்பார். பழுப்புத் தாளில் சுற்றிச் சணலால் கட்டிய முழுச் செங்கல். அதன்மேல் இடது காலை வைத்தால் வியாபாரம் ஆரம்பம். அரை மணிக்கு ஒரு தரம் கால் மாறும்.

வயது நாற்பத்தெட்டு. சேலைப் பிரிவில் இருபத்திரண்டு வருடம். பெரிய முதலாளி இளையபெருமாள் இருந்தவரை கடை முழுக்க வெள்ளை உறை போட்ட மெத்தைதான். விற்கிறவரும் உட்காருவார், வாங்குகிறவரும் உட்காருவார். 1983இல் மகன் தனசேகரன் பொறுப்புக்கு வந்தார். மெட்ராசுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மெத்தையை எடுத்துவிட்டுக் கண்ணாடி கவுண்ட்டர் போட்டார். வாங்க வருகிறவர்களுக்குச் சிவப்பு ரெக்சின் போட்ட வட்ட ஸ்டூல் ஆறு. விற்கிறவர்களுக்கு ஒன்றும் இல்லை. கடையில் ஈ ஓட்டுகிற நேரத்தில்கூட ஊழியர் அந்த ஸ்டூலில் உட்காரக் கூடாது, கடைக்கு மரியாதை இல்லையாம். ஆறு ஸ்டூலும் காலியாகக் கிடக்க, அவற்றைப் பார்த்துக்கொண்டே பன்னிரண்டு மணி நேரம் நிற்பது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை.

ஆறு மாதத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கிய வலி மாத்திரை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இரண்டு வருடத்தில் வலி போகவில்லை, வயிறுதான் போயிற்று. புண் வந்து ரத்தமாக வாந்தி எடுத்த பிறகு, இனி அந்த மாத்திரையைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்று விழுப்புரத்து டாக்டர் சொல்லிவிட்டார்.

அதிலிருந்து மருந்தில்லாத வைத்தியம் எதைக் கேள்விப்பட்டாலும் விடுவதில்லை. பெல்ட் வந்தது. ரப்பர் வெந்நீர்ப் பை வந்தது. மனைவி ஆண்டாள் தினமும் அதை நிரப்பி நிரப்பி, மூடி தேய்ந்து, ஒருநாள் பாண்டுரங்கன் பாயோடு நனைந்தார். அவலூர்பேட்டை சந்தையில் பெட்டிமேல் ஏறி நின்று பேசிய ஒருவனிடம் காந்த பெல்ட் வாங்கினார். அதைக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்த அன்று, கவுண்ட்டரில் சாயும்போதெல்லாம் அங்கே கிடந்த குண்டூசிகள் அவர் சட்டைக்கு வந்து சேர்ந்தன. சட்டைத்துணிப் பிரிவிலிருந்து ஹுசைன் வந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தார். "வலிய இழுக்கும்னான். ஊசியத்தான் இழுக்குது" என்று சந்தைக்காரனை மூன்று நாள் திட்டித் தீர்த்தார் பாண்டுரங்கன்.

கடைசியில் சொன்னபடி கேட்டது செங்கல்தான். நிற்கும்போது ஒரு காலைக் கொஞ்சம் உயரத்தில் வையுங்கள், மாற்றி மாற்றி வையுங்கள் என்று அதே டாக்டர் சொன்னது. வலி அடியோடு போகவில்லை. ஆனால் கடை சாத்தும்வரை தாக்குப்பிடிக்க முடிந்தது.

ஊருக்கு இது பிடிபடவில்லை. ஊசி போட்டால் நோய், மாத்திரை விழுங்கினால் நோய், செங்கல்லில் கால் வைத்தால் திமிர். மாத்திரைகூடப் போடாத வலி என்ன பெரிய வலி என்று தனசேகரனே ஒருநாள் கேட்டுவிட்டார். அன்று முழுக்க பாண்டுரங்கன் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. ஹுசைனிடம்தான் கொட்டினார். "வலிக்கு இன்னா பில்லா போட்டுக் குடுப்பாங்க? விரிச்சிக் காட்றதுக்கு இது இன்னா பொடவையா?"

பனமலையிலிருந்து பண்டிகைக்குப் பண்டிகை துணி எடுக்க வரும் செல்லம்மாள் மட்டும் ஒருமுறை கவுண்ட்டரைத் தாண்டி எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பேருக்கேத்த மாதிரி செங்கல்லு மேல நிக்கறியே பாண்டுரங்கா. பண்டரிபுரத்துல செங்கல்லு மேல நிக்கற சாமி மாதிரி ரெண்டு கையையும் இடுப்புல வச்சிக்கினா சரியாப் பூடும்."

"அவரு நின்னா ஊரே வந்து கும்புடுதும்மா. நான் நின்னா ஒரு ஸ்டூலு போடமாட்டேங்கறாங்க" என்றார் பாண்டுரங்கன்.

போன ஆயுத பூஜைக்கு முதல் நாள் கடையைக் கழுவினார்கள். தனசேகரன் கண்ணில் செங்கல் பட்டது. எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் போட்டுவிட்டார். "பாக்கறவங்க கடை இடிஞ்சி விழுதுன்னு நெனைப்பாங்க பாண்டுண்ணா. இனிமே இது உள்ள வரக்கூடாது." தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. தினமும் பதினாலு மணி நேரம் நிற்க வேண்டிய மூன்று வாரம். நிற்க முடியாதென்றால் வீட்டிலேயே இருந்துகொள்ளுங்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். இருபத்திரண்டு வருடம் உழைத்த மனிதரிடம் பேசுகிற பேச்சா இது?

மறுநாள் காலை, கத்தரிக்கோல், மீட்டர் கோல், பில் புத்தகம் எல்லாம் சந்தனப் பொட்டோடு வரிசையாக இருந்தன. பாண்டுரங்கன் அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தெருவில் இறங்கினார். செங்கல் வீராசாமி டீக்கடையின் பெஞ்சுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. தாளும் சணலும் எங்கேயோ போய்விட்டன. டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி, இடுப்பை வளைக்காமல் முட்டி மடக்கி உட்கார்ந்து அதை எடுத்தார். தெருக்குழாயில் கழுவினார். உள்ளே கொண்டுவந்து மீட்டர் கோலுக்குப் பக்கத்தில் வைத்து, சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். ஹுசைன் ஒரு சாமந்திப் பூவை எடுத்து நீட்டினார்.

தனசேகரன் கற்பூரத் தட்டோடு வந்தார். எல்லோரும் கும்பிட்டு நின்றார்கள். கத்தரிக்கோலுக்குக் காட்டினார், பில் புத்தகத்துக்குக் காட்டினார், மீட்டர் கோலுக்குக் காட்டினார். அடுத்ததைப் பார்த்ததும் தட்டு நின்றுவிட்டது.

"அதுக்கும் காட்டுங்க மொதலாளி. அதுவும் இங்கதான் வேல செய்யுது" என்றார் பாண்டுரங்கன்.

சொல்லிவிட்டு, கும்பிட்ட கைகளைப் பிரித்து இரண்டையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, தட்டு செங்கல்லுக்கு வரும்வரை அப்படியே நின்றார்.