ஒரே மருந்து, இரண்டு அட்டை

"பையைத் தலைகீழாக் கொட்டுங்க. ஒளிச்சு வச்சதையும் கொண்டாங்க," என்பார் சிஸ்டர், செருப்பைக் கழற்றும்போதே. கட்டிலில் மாத்திரை அட்டைகள் குவிந்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை மூக்கு உரசப் படிப்பார். முன்பக்கத்துப் பெரிய எழுத்தை அவர் மதிப்பதே இல்லை. "அது கம்பெனி வச்ச பேரு. சரக்கு என்னன்னு பின்னாலதான் இருக்கும்."

இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தவர். போன வருடம் வீடு வீடாகப் போகும் குழுவில் போட்டார்கள். ஹார்ட் டாக்டர், கிட்னி டாக்டர், பிசியோதெரபிஸ்ட், சிஸ்டர் எல்லோருமாகச் சேர்ந்து ஒரே நோயாளியைப் பார்க்கும் புது ஏற்பாடு. எப்படிச் சேர்வது என்று மட்டும் யாருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. "நாங்க எல்லாரும் ஒரே குழுதான். ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டதுதான் இல்ல," என்று சிரிப்பார்.

அன்று, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரின் வீடு. பத்து நாளில் இரண்டு முறை தலைசுற்றி விழுந்திருக்கிறார். காலில் பலமில்லை என்று பிசியோதெரபிஸ்ட் பயிற்சியைக் கூட்டிவிட்டுப் போயிருந்தார்.

"இன்னொரு தடவ விழுந்தா முதியோர் இல்லந்தான்னு பொண்ணு சொல்லிட்டா, சிஸ்டர்," என்றார் டிரைவரின் மனைவி. டிரைவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சிஸ்டர் இரண்டு அட்டைகளை அருகருகே வைத்தார். முன்னால் வேறு வேறு பெயர். பின்னால் ஒரே ரத்தக்கொதிப்பு மருந்து. ஹார்ட் டாக்டர் எழுதியது ஒன்று, கிட்னி டாக்டர் எழுதியது ஒன்று. இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அழுத்தம் ஒரேயடியாக இறங்கித் தலை சுற்றாமல் என்ன செய்யும்? வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பது தர்மத்துக்குச் சரி, மருந்துக்குச் சரிப்படுமா?

ஊசி போடக் கற்றவர், புண்ணுக்குக் கட்டுப் போடக் கற்றவர், பெரிய டாக்டரிடம் "இது தப்பு" என்று சொல்ல எந்தப் பயிற்சியிலும் கற்றதில்லை. ஊரையே அதட்டுகிறவர் பயந்துதான் போனார், பாவம். "அவரு வேலையா இருப்பாரு," என்று தனக்கே சாக்குச் சொல்லிப் பார்த்தார். டிரைவரின் முழங்கையில் கன்றிப்போன இடம் கண்ணில் பட்டது. கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்து ஹார்ட் டாக்டருக்குப் போன் போட்டார்.

"ஹலோ" என்ற குரல் கேட்டதுமே, வார்டுப் பழக்கம், சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். நின்றபடியே விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

"ரவுண்ட்ஸ்ல இருக்கேன் சிஸ்டர். அப்புறம் பேசலாமே?"

"சரி டாக்..." என்றே வாய் ஆரம்பித்தது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இல்ல டாக்டர், இப்பவே பேசணும். கிட்னி டாக்டரையும் இதே லைன்ல கூப்பிடறேன். எத நிறுத்தறதுன்னு ரெண்டு பேரும் சொல்லுங்க," என்றவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.